முதல் கல் யாருடையது

4 டிசம்பர் 2023, திங்கள்

கிளீட்டஸ் அண்ணன் காலையிலேயே கடைக்கு வந்து மூன்று நீள நோட்டுகளை என் மேசைமேல் வைத்தான். கப்பல் வேலையை விட்டு வந்த நாளாக எழுதிக்கொண்டிருந்த புத்தகம் முடிந்துவிட்டதாம். பெயர் ‘வடக்குக் கயிறு’. நான் டைப் அடித்து, பக்கம் வடிவமைத்துத் தர வேண்டும். ஜனவரி 21, செபஸ்தியார் திருநாள் ஆட்டத்தன்று வெளியீடு. தங்கச்சி டி.டி.பி. கடை வைத்திருப்பதே தான் புத்தகம் எழுதுவதற்காகத்தான் என்று அவனுக்கு நினைப்பு.

எங்கள் மேலத்துறைக் கால்பந்து மைதானத்துக்கு கேலரி கிடையாது. நாலு பக்கமும் கயிறு கட்டுவார்கள். வடக்கு கோல்கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கயிறு இளவட்டங்களுடையது. தொண்டை கிழியக் கத்துவார்கள், எதிர் ஊர்க்காரர்களைக் கேவலமாகப் பாடுவார்கள், தோற்றால் அடிக்கவும் செய்வார்கள். தொண்ணூறுகளில் அந்தக் கயிற்றுக்கு அண்ணன்தான் தலைவன். அந்த வீரப்பிரதாபம்தான் புத்தகம்.

மதியம் சூரை மீன் குழம்பு. ஜெராக்ஸ் மிஷினில் இரண்டு முறை தாள் சிக்கிக்கொண்டது.

6 டிசம்பர், புதன்

இந்த ஆசை அண்ணனுக்கு வந்தது இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றின் பழைய புத்தகக் கடையில். அந்த ஊரில் கால்பந்து ரௌடிகளாக இருந்தவர்கள் வயதானபின் தங்கள் அடிதடிக் காலத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பை நிறைய வாங்கி வந்தவன், நடை எப்படி என்று தெரியட்டும் என நாலைந்தை என்னிடமும் தந்தான். ப்ளஸ் டூ ஆங்கிலத்தையும் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு படித்தேன்.

ஒரே ரயில் நிலையத்தில் ஒரே நாளில் நடந்த சண்டையை இரண்டு கூட்டத்துத் தலைவர்களும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேருமே ஜெயித்திருக்கிறார்கள். எதிராளிகள் இருநூறு பேர் ஓடினார்கள் என்கிறார் இவர். ஓடியதே நீங்கள்தான் என்கிறார் அவர். எந்தப் புத்தகத்திலும் எழுதியவர் மட்டும் ஓடவே இல்லை. தோற்றுப்போய் அழுதது, மழையில் பஸ்ஸுக்கு நின்றது, வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்தது, எதிர் அணிக்காரன் ஒருவனின் ஆட்டத்தை மனசுக்குள் ரசித்தது, இதெல்லாம் ஒன்றும் கிடையாது. பல பக்கங்களில் ஆட்டமே கிடையாது. பெண்கள் என்றால் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு வருகிறவர்கள்.

ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். நேற்று ராத்திரிச் சோறு வடிக்க மறந்துபோனேன்.

9 டிசம்பர், சனி

அண்ணன் நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறான். நாலாம் அத்தியாயத்தில் தனியாளாக நின்று பன்னிரண்டு பேரை விரட்டுகிறான். அன்றைக்கு அவன் டெம்போவில் மீன்கூடைகளுக்கு அடியில் ஒளிந்து வந்ததும், சட்டையில் நாற்றம் போக அம்மா மூன்று முறை துவைத்ததும் எனக்குத் தெரியும். மூன்றாவது முறை துவைத்தது நான்.

இரண்டாம் பக்கத்திலேயே, ‘எங்கள் ஊரில் பெண்கள் மைதானத்துப் பக்கம் வருவதில்லை’ என்று எழுதியிருக்கிறான். வரவில்லையா? கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று கமிட்டி கட்டுப்பாடு. அதனால் மேற்கே பள்ளிக்கூடப் படிக்கட்டில் நின்றோம், ஐம்பது அறுபது பேர். எவன் எந்தக் காலால் அடிப்பான் என்று எங்களுக்குத் தெரிந்த அளவு வடக்குக் கயிற்றில் ஒருவனுக்கும் தெரியாது. அந்த வரியை நீக்கிவிட்டு இதைச் சேர்த்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, “நீ எழுத்துப் பிழைய மட்டும் பாரு பிள்ள, கதையப் பாக்காத” என்றான்.

சரி. நமக்கென்ன.

13 டிசம்பர், புதன்

ஒன்பதாம் அத்தியாயம் வந்தது. இன்று கரண்ட் இல்லை, டைப் அடிக்கவில்லை.

14 டிசம்பர், வியாழன்

கரண்ட் நேற்றும் இருந்தது.

ஒன்பதாம் அத்தியாயத்தின் தலைப்பு ‘முதல் கல்’. 1996 ஜனவரி இறுதியாட்டம். நாங்களும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பனவிளைக்காரர்களும். ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கினார். எங்கிருந்தோ ஒரு கல் வந்து கொடிக்கம்பில் பட்டுக் கொடி தெறித்து விழுந்தது. அந்த நொடியில் கயிறு அறுந்தது. நாற்பத்தொரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எங்கள் சித்தப்பா மகனுக்கு இன்றுவரை ஒரு காது கேட்காது. ஆட்டம் நின்றது, கோப்பையைக் கோயில் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள், இரண்டு ஊரும் இனி ஒன்றோடொன்று ஆடுவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டன.

கல்லெறிந்தது பனவிளையின் மாற்று கோல்கீப்பர் ததேயுஸ் என்று எங்கள் ஊர் சொன்னது. ஆட்டத்தைக் கெடுக்க எறிந்தானாம். அவர் குனிந்து கல் எடுத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக அண்ணன் போலீசில் சொன்னான். இப்போது புத்தகத்திலும் அதையே எழுதுகிறான். போலீஸ் வழக்கில் முதல் பெயர் அவருடையதுதான். அரசுத் துறை அணி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவருக்கு வேலை ஆர்டர் வந்திருந்தது. வழக்கு என்றதும் அது போயிற்று. வழக்கு தள்ளுபடியாக ஐந்து வருடமானது. எங்கள் மைதானத்தில் கால் வைக்கக்கூடாது என்ற தடை மட்டும் இன்னும் இருக்கிறது.

‘பெரிய கருங்கல்’ என்று அண்ணன் எழுதியிருக்கிறான். அது கருங்கல் இல்லை. எலுமிச்சை அளவில் ஒரு சல்லி, ஒரு பக்கம் தார் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூட வாசலில் ரோடு போட்ட மிச்சம். நான் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினேன்.

17 டிசம்பர், ஞாயிறு

பூசை முடிந்ததும் புதிய பாதர் ஒரு அறிவிப்பு வாசித்தார். இந்தத் திருநாளுக்கு ஆட வரப்போவது பனவிளை. நின்றுபோன அந்த இறுதியாட்டத்தை மறுபடி ஆடி, அலமாரியிலிருக்கும் கோப்பையை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றார். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், பழைய கதை தெரியாத தைரியம். பிறகு பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் தட்டினோம்.

எனக்கும் சந்தோஷம். சந்தோஷம்தான்.

20 டிசம்பர், புதன்

ததேயுஸ் அண்ணன் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். ஐஸ் வண்டி ஓட்டுகிறார். வண்டியின் இன்சூரன்ஸ் காகிதம் இரண்டு நகல். வரிசையில் யார் நின்றாலும் அவர் தாளைத்தான் நான் முதலில் எடுத்துக் கொடுப்பேன். சீக்கிரம் போய்விட வேண்டும் என்றுதான்.

போகும்போது, ஆட்டம் நடக்கப் போகிறதாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். தான் ஆற்றங்கரைப் பாலத்தில் நின்று பார்ப்பதாகச் சொன்னார். அங்கிருந்து ஒரு கோல்கம்பம் மட்டும் தெரியுமாம்.

23 டிசம்பர், சனி

கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனம். ஒன்றரை மணி நேரம் வரிசை. என் முறை வந்ததும், வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுந்ததையும் இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாததையும் பாவங்களாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். பாதர் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். நேரமாகிவிட்டது, பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்றேன்.

26 டிசம்பர், செவ்வாய்

விடிந்ததும் கடற்கரைக்குப் போய்வந்தேன். சும்மா. வலது தோள் வலிக்கிறது. தேங்காய் துருவியதால் இருக்கும்.

3 ஜனவரி 2024, புதன்

இன்று எல்லாம் உடைந்தது.

அண்ணன் வாய் சும்மா இருக்காது. ஒன்பதாம் அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று மீன் ஏலத்தில் நின்று சொல்லியிருக்கிறான். மதியத்துக்குள் பனவிளைக் கமிட்டியிலிருந்து பாதருக்குக் கடிதம் வந்துவிட்டது. ததேயுஸ் பெயரை அந்தப் புத்தகத்தில் போட்டு அன்றே வெளியிடுவீர்களென்றால் நாங்கள் ஆற்றைத் தாண்ட மாட்டோம், ஆட்டம் இல்லை. பாதர் அண்ணனைக் கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கிறார். கண்ணால் கண்டதை எப்படி மாற்றுவது என்று இவன் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறான்.

அதே நெஞ்சோடு கடைக்கு வந்து, இதையும் முன்னுரையில் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்டான். நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். இருபத்தெட்டு வருடம் தொண்டையில் கிடந்தது, வெளியே வரும்போது ஒரு வரிதான் இருந்தது.

“அண்ணா, அந்தக் கல்ல எறிஞ்சது நான்.”

அண்ணன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்தபின் நிறுத்தினான். பள்ளிக்கூடப் படிக்கட்டு எங்கே, லைன்ஸ்மேன் எங்கே, பெண்பிள்ளை கை அவ்வளவு தூரம் போகுமா என்றான். ஏழு வயதிலிருந்து பதினேழு வயது வரை தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடற்கரையில் நெத்தோலிக் கருவாட்டுக்குக் காவல் இருந்தது யார் என்று கேட்டேன். காக்கையையும் பருந்தையும் கல்லால்தான் விரட்டுவோம். இந்தக் கரையில் எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கை உண்டு. பையன்கள் பந்தோடு போய்விடுவார்கள்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தான். முகம் கறுத்துவிட்டது.

“அப்ப நாங்க நாப்பது பேரு அடிச்சதும் வாங்கினதும் படிக்கட்டுல நின்ன ஒரு பொட்டப்பிள்ளைக்க கல்லுக்கா?”

புத்தகம் முழுக்க அந்தக் கல்லின்மேல் நிற்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். முதல் நாள் பயம். போலீஸ் வந்தபின் இன்னும் பயம். கல்யாணமானபின் வெட்கம். அப்புறம் நேரம் தாண்டிவிட்டது என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லிவிட்டு நகலை வாங்கிப்போனார்.

7 ஜனவரி, ஞாயிறு

வியாழக்கிழமையே பாதரிடம் சொல்லிவிட்டேன், பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு வெளியே, அலுவலகத்தில், அவர் எல்லோரிடமும் சொல்லலாம் என்ற அனுமதியோடு. இன்று கோயில் மண்டபத்தில் இரண்டு ஊர்க் கமிட்டியும் கூடியது. நாற்பது ஆண்கள், நான் ஒருத்தி. என் வீட்டுக்காரர் கொச்சி போட்டில் கடலுக்குள் இருக்கிறார், கரை வந்ததும் அவருக்கும் சொல்ல வேண்டும்.

நின்றபடி முழுவதையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாருமே நம்பவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள், இவளுக்கு ஆட்டம் நடக்க வேண்டும், அதற்காகப் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்றார்கள். பனவிளைத் தலைவர் சூசைமரியான் ஒரு படி மேலே போனார். அந்தக் கல்லை எறிந்தது கிளீட்டஸ்தான், அண்ணனைக் காப்பாற்றத் தங்கச்சி வந்திருக்கிறாள் என்றார். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியைத் தூக்கி எறிந்து காட்டியிருப்பேன். குற்றத்தை ஒப்புக்கொள்ள இவ்வளவு சிபாரிசு வேண்டுமா?

கடைசியில் சூசைமரியானே வழி சொன்னார். அதே படிக்கட்டு, லைன்ஸ்மேன் நின்ற அதே கோடு, மூன்று கல். ஒரு கல்லாவது கோட்டை எட்டினால் நம்புகிறோம், ததேயுஸ் மேலுள்ள தடையை நீங்கள் எடுக்க வேண்டும், நாங்கள் ஆடுகிறோம். எட்டாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவோம். ஆட்டத்தன்றே, எல்லோர் முன்னிலையிலும். பாதர் போய் எட்டு வைத்து நடந்து அளந்து வந்தார். நாற்பத்திரண்டு அடி இல்லை, நாற்பத்திரண்டு எட்டு.

ததேயுஸ் அண்ணனும் கூட்டத்துக்கு வந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

9 ஜனவரி, செவ்வாய்

கடற்கரை. இருபத்தாறு எட்டு. பதினேழு வயதுக் கை எங்கே போயிற்று?

12 ஜனவரி, வெள்ளி

முப்பத்தொன்று. தோளுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் விட்டேன். கல்யாணப் பத்திரிகை ஒன்று முடித்துக் கொடுத்தேன், மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போய் மறுபடி அடித்தேன்.

16 ஜனவரி, செவ்வாய்

மீன் விற்கிற லில்லிபுஷ்பம் அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். அவளும் ஒரு காலத்தில் படிக்கட்டில் என் பக்கத்தில் நின்றவள்தான். தோளால் எறியாதே, இடுப்பைத் திருப்பி எறி, பருந்துக்கு அப்படித்தானே எறிவோம் என்றாள். முப்பத்தெட்டு போயிற்று. நாளையிலிருந்து இன்னும் நாலு பேரைக் கூட்டி வருகிறாளாம்.

20 ஜனவரி, சனி

நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பது. அண்ணன் பதினேழு நாளாகப் பேசவில்லை.

21 ஜனவரி, ஞாயிறு

கை வலிக்கிறது, குரல் போய்விட்டது, இருந்தாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

மூன்று மணிக்கே மைதானம் நிரம்பிவிட்டது. பனவிளைக்காரர்கள் தெற்குக் கயிற்றில், எங்கள் பையன்கள் வடக்கில். அறிவிப்பாளர் என்ன நடக்கப்போகிறது என்று மைக்கில் சொன்னதும் இரண்டு பக்கமும் சிரிப்பு. கோட்டில் கொடி கட்டிய ஒரு கம்பை நட்டு, நாலு பக்கமும் ஆளை விலக்கியிருந்தார்கள். நான் படிக்கட்டில் ஏறினேன். எனக்குப் பின்னால் லில்லிபுஷ்பம் அக்காவும் கூட முப்பது பெண்களும்.

முதல் கல் முப்பத்தைந்து எட்டில் விழுந்தது. தெற்குக் கயிறு கைகொட்டிச் சிரித்தது. வடக்கிலும் சிரித்தார்கள், அது இன்னும் வலித்தது. தோற்றால் அந்த மனிதர் மறுபடி பாலத்தில்தான் நிற்க வேண்டும், மறுபடி என்னால். அதை நினைத்ததும் பயம் போய் எரிச்சல் வந்தது. இடுப்பைத் திருப்பி இரண்டாவதை விட்டேன். கை விட்டதுமே தெரிந்துவிட்டது. கோட்டைத் தாண்டி, மூன்று எட்டு உள்ளே போய்ப் புல்லில் உருண்டது.

முதலில் கத்தியது தெற்குக் கயிறு. என் பின்னால் பெண்கள் போட்ட குரவையில் வடக்குக் கயிறு காதைப் பொத்தியது. மூன்றாவது கல்லைத் தேவையில்லாமல்தான் எறிந்தேன். அண்ணன் எழுதினால் அது கொடிக்கம்பில் பட்டிருக்கும். நான் எழுதுவதால், ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த நீளம், தள்ளி விழுந்தது.

பாதர் கயிற்றைத் தூக்கிப் பிடிக்க, ததேயுஸ் அண்ணன் குனிந்து மைதானத்துக்குள் வந்தார். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. நான் இறங்கிப்போய் அவர் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், அவர் வேலையைக் கெடுத்தது நான் என்று மட்டும் சொல்லி அழுதேன். அவர் என்னிடமும், பின்னால் வந்து நின்ற கிளீட்டஸ் அண்ணனிடமும் சேர்த்துச் சொன்னார்.

“கிளீட்டஸ் கண்டது பொய்யில்ல. நான் குனிஞ்சேன், கல்லும் எடுத்தேன். ஒங்க ஊரு கோல்கீப்பரு மேல எறியத்தான். நிமிரதுக்குள்ள ஒனக்க கல்லு போயிட்டு பிள்ள.”

வேலை போனதற்கு என்னை ஒரு வருடம் திட்டப்போவதாகவும் அதற்கப்புறம் இல்லை என்றும் சொன்னார். அதைச் சிரிக்காமல்தான் சொன்னார். ஒரு வருடம் என்பது குறைவுதான் என்று நினைக்கிறேன்.

அறிவிப்பாளர் மைக்கை என் கையில் கொடுத்தார். கல் என்னுடையது, ததேயுஸ் எறியவில்லை என்றேன். இரண்டு கயிறும் கைதட்டியது. அதோடு மைக்கைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். எங்கிருந்து வந்ததோ, இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். படிக்கட்டு ஆஃப்சைடு கோட்டுக்கு நேர், எனக்கு நன்றாகத் தெரிந்தது, அந்த கோல் ஆஃப்சைடுதான், எங்கள் ஆள் ஒரு எட்டு முன்னால் நின்றான், தெரிந்தும்தான் எறிந்தேன் என்றேன். தெற்கில் தொப்பிகள் பறந்தன. கல்லுக்குக் கைதட்டிய என் சொந்த ஊர் ஒன்றாகச் சேர்ந்து கூவி என்னை மைதானத்தை விட்டே விரட்டியது. இத்தனை வருடத்தில் அவ்வளவு லேசாக நான் நடந்ததில்லை.

ஆட்டத்தைப் பெண்கள் எல்லோரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தோம். போங்கள் என்று சொல்லக் கமிட்டியில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒன்றுக்கு ஒன்று இருந்தபோது, எண்பத்தாறாவது நிமிடம் எங்கள் பையன் ஒருவன் வலைக்குள் போட்டான். ஒருத்தரும் கத்தவில்லை. இரண்டு ஊரும் லைன்ஸ்மேனைத்தான் பார்த்தது. கொடி கீழேயே இருந்தது. அப்புறம் கத்தினோம். குரல் அங்கேதான் போயிற்று. கோப்பை எங்களுக்கு.

2 பிப்ரவரி, வெள்ளி

புத்தகம் அன்று வெளியாகவில்லை. அண்ணன் போன வாரம் அதே மூன்று நோட்டுகளோடு வந்தான். ஒன்பதாம் அத்தியாயத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, நீயே எழுது என்றான். நாலாம் அத்தியாயத்தில் மீன்கூடையையும் அவனே சேர்த்திருந்தான். பெண்கள் வருவதில்லை என்ற வரி போயிருந்தது.

இன்று கடைசி ப்ரூஃப். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவன், ஒன்பதில் நின்றான். ததேயுஸ் எறியவில்லை என்ற பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அடுத்த பக்கத்தில், அந்த கோல் ஆஃப்சைடு, எங்கள் ஆள் ஒரு எட்டு முன்னால் நின்றான் என்ற வரியில் பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். கல்லை ஊர் மன்னித்துவிட்டது, இதை மன்னிக்காது, எடுத்துவிடு என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். எடுக்க மாட்டேன் என்று பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

“நான் கோல்கம்பத்துக்குப் பின்னாலயே நின்னேன் பிள்ள,” என்றான்.

பிறகு ‘ஒரு எட்டு’ என்பதை அடித்து, ‘இரண்டு எட்டு’ என்று திருத்தி, கையெழுத்துப் போட்டான்.